டான்சில் எடுத்த 6ஆம் நாளில் வலி கூடுவது ஏன்?

தம்பி, 6ஆம் நாளில் வலி முதல் நாளைவிட அதிகம், காது குத்துகிறது, தொண்டையில் வெள்ளையாகப் படிந்து வாய் நாறுகிறது, சீழ் பிடித்துவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். நானும் 34 வயதில் இதே யாங்கோனில் டான்சில் எடுத்தவன்தான்.

அந்த வெள்ளை பெரும்பாலும் சீழ் இல்லை, புண்மேல் கட்டிய பொருக்கு. 5 முதல் 10 நாளுக்குள் அது உரியும், அப்போதுதான் வலி உச்சம். காதுக்கும் தொண்டைக்கும் ஒரே நரம்பு போவதால் காதும் சேர்ந்து வலிக்கும்.

நான் செய்த தப்பு, விழுங்கப் பயந்து தண்ணீரே குடிக்காமல் கிடந்தது. தொண்டை காய்ந்தால் நரகம். டாக்டர் கொடுத்த பாரசிட்டமாலை வலி வரும்வரை காத்திருக்காமல் நேரத்துக்குப் போடுங்கள், ராத்திரி அலாரம் வைத்தாவது. அரை மணி கழித்து ஆறிய கஞ்சி. கரண்ட் போனால் ஃபிரிஜை நம்ப முடியாது. நான் பிளாஸ்கில் ஐஸ் போட்டு வைத்திருந்தேன். தெருவில் மொஹிங்கா (பர்மிய மீன்குழம்பு நூடுல்ஸ்) வாசனை வந்தால் மனசைக் கல்லாக்கிக்கொள்ளுங்கள், மிளகாயும் எலுமிச்சையும் இப்போது ஆகாது. வெற்றிலை பக்கமே போகாதீர்கள்.

முக்கியமாகப் பயப்பட வேண்டியது ரத்தம். புதுச் சிவப்பாகக் கொஞ்சம் வந்தாலும் டாக்டரைக் கூப்பிடுங்கள். நிற்காமல் வந்தால் விடியட்டும் என்று இருக்காதீர்கள், நேரே ஆஸ்பத்திரி. ராத்திரியில் டாக்சி தேடி அலைய முடியாது, கார் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம் இன்றே சொல்லி வையுங்கள். ஆஸ்பிரின் மட்டும் வேண்டாம், ரத்தப்போக்கைக் கூட்டும்.

எனக்கு 12ஆம் நாள்தான் சோறு இறங்கியது.