ஃபென்வே பார்க்கில் எங்கே உட்காருவது?

டாலஸிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எட்டு வருடமாக இங்கே இருக்கிறேன். டெக்சஸ் ரேஞ்சர்ஸ் பேஸ்பால் அணியின் ரசிகனாகிவிட்டேன். எங்கள் அணி பாஸ்டனுக்குப் போய் ரெட் சாக்ஸோடு ஆடும்போது அவர்களின் மைதானமான ஃபென்வே பார்க்கில் ஒரு ஆட்டமாவது பார்க்க வேண்டும் என்று நானும் என் பத்து வயது மகனும் கிளம்புகிறோம். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவும் கூட வருகிறார். அவருக்குக் கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். சைவம், முழங்கால் வலியும் உண்டு. பச்சைச் சுவருக்கு மேலே இருக்கும் சீட்தான் அங்கே விசேஷம் என்கிறார்கள், ஆனால் விலை தாங்கவில்லை. எந்த சீட் வாங்கலாம்? ரேஞ்சர்ஸ் ஜெர்சியோடு போகலாமா?"

சுவருக்கு மேலே வேண்டாம். பேட்டர் முதலில் ஓடித் தொட வேண்டிய ஃபர்ஸ்ட் பேஸ் இருக்கும் வலது பக்கம், கூரைக்குக் கீழே இருக்கும் கிராண்ட்ஸ்டாண்டில், 14 முதல் 17 வரையுள்ள பிரிவுகளில், முடிந்தவரை முன்வரிசையாக, நடைபாதையை ஒட்டி மூன்று சீட் பாருங்கள். பதில் இவ்வளவுதான். ஆனால் நீங்கள் தேடும் நாளில் அந்த இடம் கிடைக்காமல் போகலாம். வேறு இடம் எடுக்க வேண்டி வந்தால் எதைப் பார்த்து எடுப்பது என்று தெரிய வேண்டுமே, அதனால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

ஃபென்வே பார்க் 1912 ஏப்ரல் 20 அன்று திறந்தது. டைட்டானிக் மூழ்கி ஐந்தே நாள். அமெரிக்காவின் பெரிய லீக் மைதானங்களில் இன்றும் ஆட்டம் நடப்பவற்றுள் இதுதான் மிகப் பழையது. அடுத்தது சிகாகோவின் ரிக்லி ஃபீல்ட், 1914. இப்போது கட்டும் மைதானங்களுக்கு முதலில் விசாலமான நிலத்தை எடுத்துக்கொண்டு அப்புறம் வரைபடம் போடுகிறார்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் ரேஞ்சர்ஸ் ஆடும் மைதானம் 2020ல் திறந்தது. மேலே திறந்து மூடும் கூரை, உள்ளே ஏசி. ஃபென்வேயில் கதை தலைகீழ். ஏற்கெனவே இருந்த தெருக்களுக்கு நடுவில் அகப்பட்ட கோணல் மனைக்குள் மைதானத்தைப் பொருத்தினார்கள். இடது பக்கம் லேன்ஸ்டவுன் தெரு நெருக்கியது. அந்தப் பக்கம் தூரம் போதவில்லை, அதனால் சுவரை உயர்த்த வேண்டியதாயிற்று. அதுதான் இன்றைய 'கிரீன் மான்ஸ்டர்'. 37 அடி 2 அங்குலம், அதாவது மூன்று மாடிக்கு மேல். பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டிலிருந்து அதன் மூலை 310 அடிதான். வலது மூலையில் இருக்கும் பெஸ்கி கம்பம் இன்னும் கிட்டே, 302 அடி. நடுவில் ஒரு முக்கோணப் பொந்து போல உள்வாங்கும் இடம் மட்டும் 420 அடி. எந்த இரண்டு பக்கமும் ஒன்று போல இருக்காது.

இந்தப் பழமையும் கோணலும்தான் சீட் வாங்குகிறவரின் தலைவலிக்கும் காரணம். கிராண்ட்ஸ்டாண்டின் கூரையை இரும்புத் தூண்கள் தாங்குகின்றன. எவ்வளவு பின்வரிசைக்குப் போகிறீர்களோ அவ்வளவு தூண்கள் கண்ணுக்குள் வரும். நான் முதல் தடவை போனபோது மறுவிற்பனையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு டிக்கெட் வாங்கினேன். எனக்கும் பந்து வீசும் பிட்சருக்கும் நடுவில் பச்சை பெயின்ட் அடித்த ஒரு தூண். பிட்சர் கையை ஓங்குவது தெரியும், பேட்டருக்குப் பின்னால் இருக்கும் கேட்சரின் கையுறையில் பந்து 'டப்'பென்று விழுவது கேட்கும், இடையில் நடந்தது முழுக்கத் தூணுக்குப் பின்னால். ஆட்டம் முடியும்வரை கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்தே உட்கார்ந்திருந்தேன். டிக்கெட் பக்கத்தில் 'பார்வை மறைக்கப்பட்டது' என்ற பொருளில் ஒரு சிறு குறிப்பு இருக்கிறதா என்று கண்டிப்பாகப் பாருங்கள். ரசிகர்கள் தங்கள் சீட்டிலிருந்து எடுத்துப் போட்ட படங்கள் இணையத்தில் நிறைய உண்டு. பிரிவு எண், வரிசை எண் போட்டுத் தேடினால் வரும். ஐந்து நிமிட வேலை, செய்துவிடுங்கள்.

தவிர்க்க வேண்டிய இன்னொரு இடம், வலது மூலையில் ஒற்றை இலக்க எண் கொண்ட பிரிவுகள், குறிப்பாக 5 முதல் 8 வரை. அங்கே நாற்காலிகள் மைதானத்தின் நடுப்பகுதியைப் பார்த்துப் போடப்பட்டிருக்கின்றன, பேட்டரைப் பார்த்து அல்ல. ஒவ்வொரு பந்துக்கும் உடம்பை இடது பக்கம் திருப்ப வேண்டும். மாலை வெயிலும் வலது பக்கத்தையும், பந்து போய் விழும் திசையில் இருக்கும் கூரையில்லாத பிளீச்சர் பகுதியையும்தான் நேராகத் தாக்கும்.

சுவருக்கு மேலே சீட் போட்டது 2003ல்தான். அதுவரை அங்கே ஒரு வலை இருந்தது. தாண்டி விழும் பந்துகளை எடுக்க ஊழியர் ஏறிய ஏணி இன்றும் சுவரிலேயே இருக்கிறது. அதில் பந்து பட்டால் ஆட்டம் தொடரும். மேலே உட்காருவது நல்ல அனுபவம்தான், மறுக்கவில்லை. ஆனால் சுவர் மேல் உட்கார்ந்தால் சுவரைப் பார்க்க முடியாது! ஃபென்வேயில் பார்க்க வேண்டியதே சுவர் செய்யும் வேலையைத்தான். பேட்டர் உயரத் தூக்கிய ஒரு சாதாரணப் பந்து, வேறு மைதானமாக இருந்தால் ஃபீல்டர் நின்ற இடத்திலேயே பிடித்துவிடுவார், இங்கே சுவரில் மோதித் திரும்பி வரும். பேட்டர் இரண்டாவது பேஸில் போய் நிற்பார். அதே போல, வேறு எங்கேயும் சுவரைத் தாண்டி ஹோம் ரன் ஆகும் தாழ்ந்த, வேகமான அடி சுவரின் நடுவில் பட்டுத் துள்ளி விழும். பந்து இவ்வளவு சீக்கிரம் திரும்பினால் ஒரு பேஸுக்கு மேல் ஓட முடியாது. லெஃப்ட் ஃபீல்டர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். பந்து தலைக்கு மேலே போனதும் ஆட்டக்களத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்பார், எந்தக் கோணத்தில் தெறிக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு. ஃபர்ஸ்ட் பேஸ் பக்கத்திலிருந்து இது முழுதாகத் தெரியும். வெளியூர் அணி வீரர்கள் உட்காரும் டக்அவுட் இங்கே தேர்ட் பேஸ் பக்கம். ஆக உங்கள் ரேஞ்சர்ஸ் வீரர்களும் நேர் எதிரே தெரிவார்கள்.

மேலே ஏறிப் பார்த்தே தீர வேண்டும் என்றால் அதற்குச் சுற்றுலா இருக்கிறது. ஆண்டு முழுவதும் நடக்கும், சுமார் ஒரு மணி நேரம், சுவர் மேலேயும் வழக்கமாகக் கூட்டிப் போவார்கள். ஆட்ட நாளன்று காலையிலோ, முந்தைய நாளோ போய்விடுங்கள். பிளீச்சரில் பச்சை நாற்காலிகளுக்கு நடுவே ஒரே ஒரு சிவப்பு நாற்காலி இருக்கும்: பிரிவு 42, வரிசை 37, சீட் 21. 1946 ஜூன் 9 அன்று ரெட் சாக்ஸ் வீரர் டெட் வில்லியம்ஸ் அடித்த பந்து அங்கே உட்கார்ந்திருந்த ஒருவரின் வைக்கோல் தொப்பியில் விழுந்தது. தூரம் 502 அடி. அந்த நாற்காலியிலிருந்து ஹோம் பிளேட்டைப் பார்க்கும்போதுதான் அந்த எண்ணின் அர்த்தம் புரியும். உங்கள் மகனுக்கு ஒரு வேலை கொடுங்கள். சுவரின் அடியில் கையால் எண் மாற்றும் ஸ்கோர்போர்டு இருக்கிறது, 1934லிருந்து. அதிலுள்ள வெள்ளைக் கோடுகளில் புள்ளியும் கோடுமாக மோர்ஸ் குறியீடு மறைந்திருக்கும். அணியின் முன்னாள் உரிமையாளர் டாம் யாக்கி, அவர் மனைவி ஜீன் இருவரின் முதலெழுத்துகள் அவை. கண்டுபிடிக்கட்டும்.

அப்பாவுக்கு வருவோம். கிராண்ட்ஸ்டாண்டின் நீல மர நாற்காலிகளும் 1934 காலத்தவை. குறுகலானவை, முழங்கால் முன்னால் இருக்கும் சீட்டில் இடிக்கும். நடைபாதையை ஒட்டிய சீட் என்று சொன்னது அதற்காகத்தான். காலை நீட்டிக்கொள்ளலாம், எழுந்து போகவும் யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம். முன்வரிசை என்றால் ஏற வேண்டிய படியும் குறையும். ஒரு சிறிய மெத்தை கொண்டுபோக நினைத்தால் மைதானத்தின் பொருள் விதிகளை முதலில் பாருங்கள். முதுகுப்பையைத் தங்கும் இடத்திலேயே வைத்துவிடுங்கள், பை விஷயத்தில் கண்டிப்பு அதிகம். டிக்கெட் போனில்தான் வரும், உள்ளே கடைகளில் கார்டுதான் செல்லும். போன் சார்ஜ் முழுதாக இருக்கட்டும்.

கிரிக்கெட் தெரிந்தவருக்கு விளையாட்டைப் புரியவைக்க ரொம்ப நேரம் ஆகாது. நான் என் மாமாவுக்கு இப்படித்தான் சொன்னேன்: ஃபுல்டாஸ் மட்டுமே வீசும் பவுலர், பேட்டருக்குப் பின்பக்கம் அடித்தால் கணக்கில்லை, நன்றாக அடித்துவிட்டால் ஓடியே ஆக வேண்டும், ஒன்பது இன்னிங்ஸிலும் ஒவ்வொரு அணிக்கும் மூன்று விக்கெட். இரண்டாவது இன்னிங்ஸிலேயே அவர் பிட்சரைத் திட்ட ஆரம்பித்துவிட்டார். ஒரு ஸ்கோர் கார்டும் பென்சிலும் வாங்கிக் கொடுங்கள். ஃபீல்டர்களுக்கு 1 முதல் 9 வரை எண் உண்டு. பிட்சர் 1, கேட்சர் 2 என்று போகும். செகண்ட், தேர்ட் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பிலிருந்து செகண்ட் பேஸ், அங்கிருந்து ஃபர்ஸ்ட் பேஸ் என்று பந்து போய் இரண்டு பேர் அவுட் ஆனால் 6-4-3 என்று எழுத வேண்டும். ஸ்கோர் எழுதிப் பழகிய கிரிக்கெட் ரசிகருக்கு இது பிடிக்கும். 2023ல் பிட்சருக்குக் கடிகாரம் வைத்த பிறகு ஆட்டம் பெரும்பாலும் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது, அவருக்கும் தாங்கும்.

சாப்பாட்டை வெளியிலேயே முடித்துக்கொண்டு போங்கள். அங்கே பேர்போன ஃபென்வே ஃபிராங்க் என்ற ஹாட் டாக் மாட்டிறைச்சி. சைவம் என்றால் ஓட்டோடு வறுத்த வேர்க்கடலை, பாப்கார்ன், பிரெட்செல், சீஸ் பீட்சா இவ்வளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. உருளைக்கிழங்கு வறுவல் வாங்கினால் எந்த எண்ணெயில் பொரித்தது என்று கேட்டுவிடுங்கள்.

நாள் தேர்வில் ஒரு விஷயம். இங்கே ஆடுகளத்துக்கு மேலே கூரை கிடையாது. மழையால் ஆட்டம் தள்ளிப்போனால் உங்கள் டிக்கெட் பொதுவாக மறு தேதிக்குத்தான் செல்லும், பணம் திரும்ப வராது. வெளியூரிலிருந்து வருகிறவருக்கு அது பெரிய நஷ்டம். வெளியூர் அணி வழக்கமாக மூன்று நாள் தொடர்ந்து ஆடும். முதல் நாள் ஆட்டத்துக்கு டிக்கெட் எடுங்கள், விமானத்தை மூன்றாம் நாளுக்குப் போடுங்கள். ஏப்ரல், மே மாத இரவுகளும் செப்டம்பர் இரவுகளும் குளிரும். டாலஸ் நினைப்பில் போகாமல் அப்பாவுக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

கார் வேண்டாம். சப்வேயில் கிரீன் லைனின் பி, சி, டி மூன்றும் கென்மோர் நிலையத்தில் நிற்கும். ஈ மட்டும் வேறு பக்கம் பிரிந்துவிடும், அதில் ஏறிவிடாதீர்கள். கென்மோரிலிருந்து கூட்டத்தோடு நடந்தால் வழி கேட்கவே வேண்டாம். ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் வாசலில் இருங்கள். டிக்கெட் வைத்திருப்பவர்களுக்காக ஜெர்சி தெருவை மூடிவிடுவார்கள், தெருவே மைதானத்தின் ஒரு பகுதியாகிவிடும். உள்ளே போனதும் மகனைக் கையுறையோடு தேர்ட் பேஸ் பக்கம் முன்னால் கூட்டிப் போங்கள், பயிற்சி முடித்து வரும் ரேஞ்சர்ஸ் வீரர்கள் கையெழுத்துப் போட வாய்ப்பு உண்டு. கேலரிக்குள் வரும் ஃபவுல் பந்தைப் பிடித்தால் திருப்பித் தர வேண்டாம், அவனுக்கே. இதை உங்கள் அப்பா நம்பவே மாட்டார்.

ஜெர்சியைத் தாராளமாகப் போடுங்கள். இங்கே உண்மையான பகை நியூயார்க் யாங்கீஸோடுதான். 1918க்குப் பிறகு பேஸ்பால் கோப்பையில்லாமல் 86 வருடம் காத்திருந்து 2004ல் ஜெயித்த ஊர் இது. பக்கத்து சீட்டில் வயதானவர் யாராவது இருந்தால் அந்த வருடத்தைப் பற்றிக் கேளுங்கள், ரேஞ்சர்ஸ் ஜெர்சி என்று பார்க்காமல் சொல்வார். எட்டாவது இன்னிங்ஸின் நடுவில் 'ஸ்வீட் கரோலின்' பாட்டு வரும்போது அரங்கமே எழுந்து பாடும். நீங்களும் எழுந்துகொள்ளுங்கள்.

ஆட்டம் முடிந்ததும் உடனே கிளம்பாதீர்கள். அந்த நேரத்தில் கென்மோர் படிக்கட்டில் முழங்கால் வலியோடு ஒருவரை இறக்குவது சிரமம். ஊழியர்கள் போகச் சொல்லும்வரை சீட்டிலேயே இருங்கள். பிட்சர் நின்ற மேட்டில் மூன்று நான்கு பேர் வந்து குழி விழுந்த இடத்தில் களிமண் போட்டு, தட்டிச் சமன் செய்து, மேலே தார்ப்பாய் விரிப்பார்கள். அதற்குள் நிலையத்தில் கூட்டமும் கொஞ்சம் குறைந்திருக்கும்.