ஃபோர்மேன் பதில்கள்: தப்பை யார் முதலில் சொல்வது?

(கோவை பம்ப்செட் தொழிற்சாலை ஒன்றில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், வேலை, பதவி, முன்னேற்றம் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்த என்னை லைன் சூப்பர்வைசர் ஆக்கியிருக்கிறார்கள். ஒருநாள் பயிற்சிக்கும் அனுப்பினார்கள். 'மனநிலையை மாற்றினால் போதும், தலைமைப் பண்பு தானாக வரும்' என்றார்கள். தினமும் கண்ணாடி முன் நின்று 'என்னால் முடியும்' என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறேன். ஆனால் தையல் தப்பாகப் போனால் லைனில் யாரும் என்னிடம் சொல்வதில்லை. பைனல் செக்கிங்கில்தான் தெரிகிறது. என் மனநிலையில்தான் கோளாறா ஐயா?
*வாசகி, திருப்பூர்*

கண்ணாடி முன்னால் சொல்வதை விட வேண்டாம் அம்மிணி, காசா பணமா! ஆனால் உங்கள் லைனில் இருப்பவர்கள் அந்தக் கண்ணாடியைப் பார்ப்பதில்லை. தப்பான பீஸோடு ஒருத்தி வந்து நிற்கும்போது உங்கள் முகம் எப்படிப் போகிறது என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

எனக்கு முன்னால் இருந்த ஃபோர்மேன் பெரிய திறமைசாலி. வார்ப்பைத் தட்டிப் பார்த்து, சத்தத்தை வைத்தே விரிசல் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். கோபமும் அதே அளவு. கேசிங்கில், அதாவது பம்பின் வெளிக்கூட்டில், ஊசி நுழையும் அளவு ஓட்டை தெரிந்தாலும் அச்சு செய்த மோல்டரைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் ஏசுவார். கொஞ்ச நாளில் ஓட்டை வருவதே நின்றுபோனது. முதலாளிக்கு ஏக சந்தோஷம். அப்புறம் பிரஷர் டெஸ்டில் ஒவ்வொன்றாகத் தண்ணீர் கசிய ஆரம்பித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பையன்கள் ஓட்டையில் பட்டி வைத்து அடைத்து, நிறம் சேர்வதற்காக மேலே இரும்புத் தூளையும் தேய்த்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நல்ல கைவேலை, அதையும் சொல்ல வேண்டும்.

1990-களில் அமெரிக்காவில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர், மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளைக் கணக்கெடுத்தார். நன்றாக நடக்கும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது. நல்ல தலைமை உள்ள குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அங்கே இருந்தவர்கள் பயப்படாமல் வாய் திறந்தார்கள். மற்ற இடங்களில் மூடி மறைத்தார்கள். அந்த மூடி மறைப்பைத்தான் எங்கள் முதலாளி தரம் என்று நினைத்துக்கொண்டார்.

நாளைக்கு ஒன்று செய்து பாருங்கள். தப்பான பீஸைக் கொண்டுவருபவளிடம் 'யார் தைத்தது?' என்று ஆரம்பிக்காமல், 'எந்த மிஷின், இதுவரை எத்தனை பீஸ் போயிருக்கும்?' என்று கேளுங்கள். ஊசி மழுங்கியிருக்கலாம். நூல் இறுக்கம் மாறியிருக்கலாம். ஓவர்லாக்கில் லூப்பர் தட்டியிருக்கலாம். இன்னொன்று, பீஸ் ரேட்டில் தைப்பவளுக்கு ஆல்டர் பார்க்கிற, அதாவது தப்பைப் பிரித்துத் திரும்பத் தைக்கிற நேரமெல்லாம் கூலி நஷ்டம். அதற்கு கான்ட்ராக்டரிடம் பேசி ஏதாவது வழி பண்ணுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் எவ்வளவு சிரித்த முகமாக இருந்தாலும், கெட்ட பீஸ் பண்டலுக்கு நடுவில் போய் ஒளிந்துகொள்ளும்.

சாதனையாளர்கள் எல்லாரும் காலை 5 மணிக்கே எழுந்துவிடுகிறார்களாமே?
*வாசகர், ஈரோடு*

எங்கள் தெருப் பால்காரர் 3 மணிக்கே எழுந்துவிடுகிறார். பேட்டி எடுக்கத்தான் யாரும் வரவில்லை.

கல்லூரிக்கு வந்த பேச்சாளர் ஒருவர், 'ஏழ்மை பையில் இல்லை, மனதில்தான் இருக்கிறது' என்றார். கைதட்டினோம். ஆனால் ஃபீஸ் கட்ட அம்மா கம்மலை அடகு வைத்தது நினைவுக்கு வந்தது. அவர் சொன்னது சரியா?
*மாணவர், சேலம்*

கம்மலை மீட்க அந்தப் பேச்சாளர் வரமாட்டார் தம்பி.

மனநிலைக்குப் பலன் உண்டு, ஆனால் அளவோடு. 'அறிவு பிறவியிலேயே முடிவானதல்ல, உழைத்தால் வளரும்' என்ற எண்ணத்தை ஊட்டும் சின்னப் பயிற்சி ஒன்றை, அமெரிக்காவில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் சுமார் 12,000 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மொத்தமே ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. 2019-ல் முடிவு வெளியானது. மதிப்பெண்ணில் பின்தங்கியிருந்தவர்களுக்குச் சராசரி 0.1 புள்ளி கூடியது; அங்கே முழு மதிப்பெண்ணே ஏறக்குறைய 4 புள்ளிதான். ஒரு மணி நேரச் செலவுக்கு இது நல்ல லாபம்தான். ஆனால் எல்லாப் பள்ளியிலும் ஒரே மாதிரிக் கூடவில்லை. கூடப் படிக்கிறவர்கள், கஷ்டமான கணக்கை எடுத்துப் போடுவதை மதிக்கும் பள்ளிகளில்தான் பலன் நன்றாகத் தெரிந்தது. அதனால் பேச்சாளரை விடுங்கள், பக்கத்து பெஞ்சில் யார் உட்காருகிறார்கள் என்று பாருங்கள். ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி என்ன என்றும் பாருங்கள்.

என் மகனுக்கு 11 வயது. செஸ் போட்டியில் தோற்றால் அழுகிறான். இவ்வளவு பலவீனமான மனதோடு எப்படி ஜெயிப்பான்?
*வாசகி, சென்னை*

உங்கள் ஊர் குகேஷ் ஜெயித்தபோதே அழுதார் அம்மா. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக சாம்பியன் போட்டியின் கடைசி ஆட்டம். 55-ஆவது நகர்த்தலில் எதிரே ஆடிய டிங் லிரன் யானையை வைத்த இடம் தப்பு என்று தெரிந்ததும் குகேஷின் முகம் மாறியதை உலகமே பார்த்தது. ஆட்டம் முடிந்ததும் அழுதுகொண்டே காய்களை அதனதன் கட்டத்தில் திரும்ப அடுக்கி வைத்தார். 18 வயது.

அதே போட்டியில் முதல் ஆட்டத்தை, அதுவும் வெள்ளைக் காய்களோடு ஆடி, தோற்றிருந்தார். மூன்றாவதில் ஜெயித்தார். பதினொன்றாவதை ஜெயித்து முன்னிலைக்கு வந்தார், உடனே பன்னிரண்டாவதைக் கோட்டைவிட்டார். இதற்கெல்லாம் மனதைத் தயார்படுத்த பேடி அப்டன் என்ற பயிற்சியாளர் அவரோடு இருந்தார். மன உறுதிக்கும் ஆள் வைத்துப் பயிற்சி எடுக்கிறார்கள், கவனியுங்கள்.

பையன் அழட்டும். அழுது முடித்த பிறகு எழுதி வைத்த நகர்த்தல்களை எடுத்துப் பார்க்கிறானா? பார்த்தால் கவலையே வேண்டாம். பார்க்கவில்லையென்றால் பக்கத்தில் உட்கார்ந்து, 'எந்த இடத்தில் உனக்குச் சந்தேகம் வந்தது?' என்று மட்டும் கேளுங்கள். வீட்டுக்கு வரும் வழியில் வேண்டாம், சாப்பிட்ட பிறகு.

58 வயதில் ஓய்வு பெறுகிறேன். சிறுதானிய மாவு மில் வைக்க ஆசை. 'இந்த வயசில் எதுக்கு?' என்கிறாள் மனைவி. மன உறுதி இருந்தால் வயது ஒரு தடையா?
*வாசகர், விருதுநகர்*

பக்கத்து மதுரையிலேயே ஆள் இருந்தாரே! டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, 1976-ல் அரவிந்த் கண் மருத்துவமனையை 11 படுக்கைகளோடு தொடங்கினார். இளம் வயதிலேயே முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போனவர். பிரசவ மருத்துவராக நினைத்திருந்தவர், அது முடியாது என்றானதும் கண் மருத்துவம் படித்து, அந்த விரல்களுக்கே கத்தி பிடிக்கப் பழக்கினார். ஒரு லட்சத்துக்கும் மேல் அறுவை சிகிச்சை செய்தார் என்கிறார்கள்.

மன உறுதி என்று சொல்லி இதை முடித்துவிடுவார்கள். எனக்குப் பிடித்தது வேறு. தான் ஒருவர் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் பார்வையிழந்தவர்களின் வரிசை குறையாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் வேலையைப் பிரித்தார். ஒரு டாக்டருக்கு இரண்டு மேஜை. ஒன்றில் சிகிச்சை நடக்கும்போதே அடுத்ததில் நோயாளி தயார். தயார் செய்பவர்கள் கிராமத்திலிருந்து எடுத்துப் பயிற்சி கொடுத்த பெண்கள். பணம் தர முடிகிறவர்களின் கட்டணத்தில் முடியாதவர்களுக்கு இலவச சிகிச்சை. தம்பி தங்கைகள், அவர்கள் வீட்டு டாக்டர்கள் எல்லாரையும் கூடவே இழுத்துக்கொண்டார்.

உங்கள் கடிதத்தில் மில் இருக்கிறது, உறுதி இருக்கிறது. தானியம் எங்கே வாங்குவது, மாவை யார் வாங்குவார், கரண்ட் கட்டணம் என்ன, ஒன்றும் இல்லை. பி.எஃப். பணம் முழுவதையும் இதில் போடாதீர்கள். முதல் சில மாதம் பக்கத்து மில்லில் கூலிக்கு அரைத்து, பாக்கெட் போட்டு விற்றுப் பாருங்கள். கணக்கு நோட்டை மனைவியிடம் கொடுத்துவிடுங்கள். 'எதுக்கு?' என்று கேட்கிற ஆள் வீட்டிலேயே இருக்கும்போது வெளியே ஆடிட்டர் தேட வேண்டாம்.