டார்சியின் கடிதத்தை இரண்டு முறை படியுங்கள்

கேள்வி: ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ எங்களுக்குப் பாடம். பெயர்கள் குழப்புகின்றன. வகுப்பில் சொல்லும் அத்தியாய எண்ணும் என் புத்தகத்தோடு ஒத்துவரவில்லை.

பதில்: 1813இல் நாவல் மூன்று தொகுதிகளாக வந்தது; முறையே 23, 19, 19 அத்தியாயங்கள். சில பதிப்புகள் ஒவ்வொரு தொகுதியிலும் எண்ணை 1இலிருந்து தொடங்கும், மற்றவை 61 வரை தொடர்ந்து எண்ணும். இரண்டாம் தொகுதி எண்ணோடு 23ஐயும் மூன்றாம் தொகுதி எண்ணோடு 42ஐயும் கூட்டிக்கொள்ளுங்கள், சரியாகிவிடும். ‘மிஸ் பென்னட்’ என்றால் மணமாகாத மூத்த மகள் ஜேன். தங்கையான கதாநாயகிக்குப் பெயரையும் சேர்த்து ‘மிஸ் எலிசபெத்’. அக்கா உடன் இல்லாத இடத்தில் எலிசபெத்தே ‘மிஸ் பென்னட்’ ஆகிவிடுவாள். ஜேன் இல்லாமல் எலிசபெத் போய்த் தங்கும் கென்டில் நடக்கும் அத்தியாயங்களில் தடுமாற்றம் வருவது இதனால்தான்.

கேள்வி: வர்க்கம் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். இதில் எல்லாருமே வசதியானவர்கள்தானே?

பதில்: வருமானம் வேறு, முதல் வேறு. எலிசபெத்தைக் காதலிக்கும் பணக்காரர் டார்சியின் 10,000 பவுண்டு ஆண்டு வருமானம். அவர் தங்கை ஜார்ஜியானாவின் 30,000 மொத்தச் சொத்து. இரண்டையும் ஒரே வரிசையில் வைத்தால் ஒப்பீடே தப்பாகிவிடும். எலிசபெத்தின் தந்தை பென்னட்டுக்கு ஆண்டுக்கு 2,000. ஆனால் எஸ்டேட் ஆண் வாரிசுக்கே போக வேண்டும் என்ற கட்டு இருப்பதால், அவர் கண்ணை மூடியதும் அது உறவினர் காலின்ஸ் கைக்குப் போய்விடும். எலிசபெத்துக்கு மிஞ்சுவது 4 சதவீத வட்டியில் 1,000 பவுண்டு, அதுவும் தாயின் காலத்துக்குப் பிறகு. ஆண்டுக்கு 40 பவுண்டு! 19ஆம் அத்தியாயத்தில் பெண் கேட்கும்போதே காலின்ஸ் இதைச் சொல்லிக்காட்டுகிறார். அதைக் கேட்டும் அவள் மறுக்கிறாள் என்பதைக் கட்டுரையில் அழுத்திச் சொல்லுங்கள். எலிசபெத்தின் 27 வயதுத் தோழி ஷார்லட் அதே காலின்ஸை ஏற்பதைப் பேராசை என்று எழுதிவிடாதீர்கள். சொத்தில்லாத படித்த பெண் மானத்தோடு பிழைக்க அது ஒன்றுதான் வழி என்று 22ஆம் அத்தியாயமே சொல்கிறது.

டார்சிக்குப் பட்டம் எதுவும் கிடையாது. ‘டார்சி பிரபு’ என்று எழுதினால், ‘அவர் ஜென்டில்மேன், நான் ஜென்டில்மேனின் மகள்’ என்று 56ஆம் அத்தியாயத்தில் எலிசபெத் வைக்கும் வாதமே அடிபட்டுப்போகும்.

கேள்வி: டார்சியின் பெம்பர்லி மாளிகையைப் பார்த்துத்தான் எலிசபெத் மனம் மாறினாள் என்று எழுதலாமா?

பதில்: வேண்டாம். அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் பேச்சு, 59ஆம் அத்தியாயத்தில் அக்காவிடம் அவள் விளையாட்டாகச் சொல்வது. விளையாட்டை விட்டுப் பேசும்படி ஜேன் உடனே கேட்கிறாள். மாளிகையைப் பார்த்ததும் ‘இதற்கு எஜமானியாக இருந்திருக்கலாமே’ என்று ஒரு கணம் தோன்றுவது (43) உண்மைதான். ஆனால் திருப்பம் அதற்கு 7 அத்தியாயம் முன்பே நடந்துவிட்டது.

36ஆம் அத்தியாயத்தை மெதுவாகப் படியுங்கள். நாவலின் உயிரே அங்குதான் இருக்கிறது. தன் காதலை மறுத்த எலிசபெத்துக்கு டார்சி எழுதிய கடிதத்தை அவள் முதலில் கோபத்தோடும் அவசரத்தோடும் வாசித்து, எல்லாம் பொய் என்று மடித்து வைக்கிறாள். அரை நிமிடத்தில் மறுபடி பிரிக்கிறாள். இம்முறை, அவள் நம்பிய படை அதிகாரி விக்கம் பற்றிய பகுதியை வாக்கியம் வாக்கியமாக எடைபோடுகிறாள். முன்பின் பழக்கமில்லாத தன்னிடம் டார்சி மீதான குறைகள் அவ்வளவையும் அவன் ஏன் கொட்டினான்? டார்சிக்குப் பயந்து ஒதுங்க மாட்டேன் என்றவன் நெதர்ஃபீல்டு நடன விருந்துக்கு ஏன் வரவில்லை? இவை புதிய தகவல்கள் அல்ல. 16, 18ஆம் அத்தியாயங்களில் அவளோடு நாமும் பார்த்தவை, நாமும் கவனிக்காமல் விட்டவை. ஒரு தாளை நடுவில் மடித்து, 16இல் விக்கம் சொன்னதை இடப்பக்கமும், 36இல் அவள் அதற்குக் கொடுக்கும் புது அர்த்தத்தை வலப்பக்கமும் எழுதுங்கள். கட்டுரைக்கு வேண்டிய சான்று முழுவதும் அதிலேயே கிடைத்துவிடும்.

டார்சிக்கும் இதே போல ஒரு தாள் போடலாம். 34இல் அவர் காதலைச் சொல்லும்போது, ஜென்டில்மேனுக்கு உரிய முறையில் அவர் நடந்துகொள்ளவில்லை என்கிறாள் எலிசபெத். 58இல் அவர் அதே சொற்களைத் திருப்பிச் சொல்லி, அவை தன்னை எவ்வளவு வதைத்தன என்கிறார்.