டிரம்பெட்டில் எந்த சுரத்துக்கு எந்த வால்வ் (விரலால் அழுத்தும் பொத்தான்) என்று மனப்பாடம் செய்ய எளிய வழி உண்டா? கார்னெட்டுக்கு மறுபடி கற்க வேண்டுமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில்: வேண்டாம். பி ஃபிளாட் டிரம்பெட், பி ஃபிளாட் கார்னெட் இரண்டுக்கும் குழாய் நீளம் ஒன்றுதான், ஐந்து அடிக்குக் கொஞ்சம் குறைவு. கார்னெட்டில் நெருக்கமாகச் சுருண்டிருக்கும், குரல் கொஞ்சம் மென்மை. விரல் அதேதான்.

நீங்களும் ஒவ்வொரு சுரக் குறிக்கும் அடியில் 1-3, 1-2 என்று வால்வ் எண் எழுதுகிற ஆளாகத்தான் இருப்பீர்கள். நானும் எழுதினேன், அதுவும் மைப்பேனாவில். செப்டம்பர் 8, சிவாஜிநகர் மாதா தேர். பெங்களூர் மழை கேட்கவா வேண்டும்? எண்ணெல்லாம் நீலமாக வழிந்து சட்டைக் கையில் இறங்கிவிட்டது. மூன்று தெரு, கார்னெட்டை உதட்டில் வைத்துக்கொண்டு ஊதாமலே நடந்தேன். பக்கத்தில் எம்.இ.ஜி. (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) ராணுவ பேண்டில் ரிட்டயர் ஆன சித்தப்பா. ஒரு வார்த்தை திட்டவில்லை.

மறுநாள் காலை அல்சூர் வீட்டு மொட்டை மாடியில், "ஜி ஊதுடா" என்றார். அதற்கு விரலே வேண்டாம். "இப்ப அரை அரை சுரமா இறங்கு." 2, 1, 1-2, 2-3, 1-3, 1-2-3. அடுத்த சி-க்கு மறுபடி எல்லா விரலும் மேலே. இரண்டாவது வால்வ் அரை சுரம் இறக்கும், முதலாவது ஒரு சுரம், மூன்றாவது ஒன்றரை. கூட்டிப் பாருங்கள், வரிசை தானாக வரும். மொத்தமே ஏழு நிலை. மற்றதெல்லாம் உதட்டு வேலை. கீழ் டி-யில் 1-3, அதற்குக் கீழே சி ஷார்ப்பில் 1-2-3, இரண்டும் சுருதி ஏறி நிற்கும், மூன்றாவது வால்வின் ஸ்லைடை (நீட்டக்கூடிய குழாயை) இடது மோதிர விரலால் வெளியே தள்ள வேண்டும். மறந்தால் என் முழங்கையில் ஒரு தட்டு விழும். அப்புறம் பஸ் கம்பியிலும் அழுத்திப் பழகினேன். பக்கத்தில் நின்றவர் நகர்ந்துகொண்டார்.

'இதுக்குத்தான் ஆப் இருக்கே' என்று வருவீர்கள். வைத்துக்கொள்ளுங்கள், என் மகளே அதில்தான் பழகுகிறாள். மிலிட்டரி முறைதான் உயர்ந்தது என்று நான் சொல்லவில்லை.

இவ்வளவு கற்று என்ன? போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு இரண்டு மணி நேரம் ஊதினோம். "பேண்டு செட்டுக்குக் கடைசிப் பந்தி" என்றார் ஒருவர். டிஜே பையன் முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிட்டான். சித்தப்பா வால்வைக் கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டபடி காத்திருந்தார். எங்களுக்கு இலை போட்டபோது சாம்பார் தீர்ந்துபோய் ரசம்தான் இருந்தது.