ஐந்து வயதுப் பிள்ளை திருவிழாக் கடைத்தெருவில் என்ன கற்றுக்கொள்ளும்?

கேட்டவர் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் இருக்கிறார். மகளுக்கு 5 வயது. கோயில் திருவிழாவை ஒட்டிப் போடும் கடைகளுக்கும் ராட்டினத்துக்கும் வருடாவருடம் கூட்டிப்போகிறார். பலூன், அழுகை, தூக்கம் என்றே முடிகிறதாம். அங்கே அவள் எதையாவது கற்றுக்கொள்ள வழி உண்டா என்பது கேள்வி.

நிச்சயம் உண்டு. ஆனால் ஒரு நாளைக்கு ஒரு பாடம்தான். எண், நிறம், மலாய், மரியாதை எல்லாவற்றையும் அன்றைக்கே ஊட்டப் பார்த்தால் அரை மணியில் பிள்ளை சோர்ந்துவிடும். கடைத்தெருவில் மட்டும் கிடைக்கிற பாடம் எண்ணிக் கொடுத்து வாங்குவது. இந்தத் தடவை அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கையில் சில்லறை கொடுக்காதீர்கள். மூன்று 10 காசை ஒரு பக்கமும் ஒரு 50 காசை இன்னொரு பக்கமும் வைத்து எது அதிகம் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று கிடக்கிற பக்கம்தான் கை போகும். அது மந்தம் அல்ல, அந்த வயதின் இயல்பு. வில்லைகளை எண்ணிக்கை மாற்றாமல் இடைவெளி விட்டுப் பரப்பினாலே 'இதுதான் அதிகம்' என்று சின்னப் பிள்ளைகள் சொல்வதை ழான் பியாஜே என்ற சுவிஸ் உளவியலாளர் காட்டியிருக்கிறார். அதனால் 5 வயதுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்) நோட்டு ஐந்து போதும். நீல நோட்டு, பின்னால் வாவ் பட்டம் இருக்கும், அவளே அடையாளம் கண்டுகொள்வாள். ஒரு தாள் ஒரு வெள்ளி என்பதால் எண்ணிக்கையும் மதிப்பும் ஒன்றாகவே போகும். நாணயம் ஆறேழு வயதுக்கு ஆகட்டும். 2012-இல் வந்த நாணயங்களில் 5, 10 காசு வெள்ளை, 20, 50 காசு மஞ்சள். மதிப்பு கூடக் கூட வட்டமும் பெரிதாகும் என்பதால் அப்போது பிரித்துக் காட்டுவது சுலபம்.

முதல் நாள் இரவே ஐந்து நோட்டையும் மேசையில் பரப்பி, "நாளைக்கு இது உன் காசு. தீர்ந்தால் தீர்ந்ததுதான்" என்று சொல்லிவிடுங்கள். ராட்டினச் சீட்டு உங்கள் செலவு, அதை இதில் சேர்க்க வேண்டாம். அங்கே போய் அவள் அழும்போது ஆறாவது நோட்டை நீட்டினீர்களோ, பாடம் அங்கேயே போச்சு. தாத்தா பாட்டி கூட வந்தால் இதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பெரும்பாலான வீடுகளில் ஓட்டை விழுவது அங்கேதான்.

நிறுத்தி நிதானமாகப் பேச நல்ல இடம் கச்சாங் பூத்தே (வறுத்த, பொரித்த கடலை வகை) கடை. ஈப்போ புந்தோங்கில் இதற்கென்றே பேர் வாங்கிய கம்போங் (கிராமம்) இருக்கிறது. நம் ஆட்கள் வறுத்துப் பொரித்த சரக்கு என்பதையும் பிள்ளை காதில் போட்டு வையுங்கள். கொண்டைக்கடலை, பட்டாணி, கடலை, முறுக்கு, ஓமப்பொடி என்று உருண்டை, நீளம், மஞ்சள், பச்சை எல்லாம் ஒரே வண்டியில். எதை வாங்குவது என்று அவளே சொல்லட்டும். விலை 3 வெள்ளி என்றால் அவளே எண்ணிக் கொடுக்க வேண்டும். கடைக்காரர் அவசரத்தில் இருந்தால் பின்னால் நிற்பவருக்கு வழி விட்டு, ஓரமாக நின்று எண்ணிவிட்டு வாருங்கள்.

இங்கேதான் பல பெற்றோர் ஏமாறுவார்கள். பத்து வரை மளமளவென்று சொல்லும் பிள்ளை, "மூணு குடு" என்றால் கைக்கு வந்ததை அள்ளிக் கொடுக்கும். எண்ணின் பெயரைச் சொல்வது வேறு, கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்று புரிவது வேறு. "எத்தனை, எத்தனை" என்று திரும்பத் திரும்பக் கேட்டால் அவள் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பாள், அவ்வளவுதான். நீங்கள் முதலில் மொத்தத்தைச் சொல்லுங்கள், பிறகு எண்ணுங்கள்: "மூணு வெள்ளி. ஒண்ணு, ரெண்டு, மூணு." கொடுத்த பிறகு பையைத் திறந்து, "மிச்சம் ரெண்டு. ஒண்ணு, ரெண்டு."

ராட்டினத்துக்கு நிற்கும் வரிசையையும் விடாதீர்கள். நமக்கு முன்னால் ஐந்து பேர், ஒருவர் ஏறினார், இப்போது நாலு. கழித்தல் கண்ணெதிரே நடக்கிறது, காத்திருக்கும் எரிச்சலும் குறையும்.

விற்பவர் மலாய்க்காரராகவோ சீனராகவோ இருந்தால் அவளுக்கு மூன்றே சொல் போதும்: பெராப்பா (எவ்வளவு), சத்து (ஒன்று), தெரிமா காசே (நன்றி). எண்ணுவது மட்டும் வீட்டு மொழியிலேயே இருக்கட்டும். எண்ணின் பொருள் பிடிபடும் முன் இரண்டு மொழியில் ஒப்பித்தால் ஒப்பிப்புதான் மிஞ்சும். "சத்து வேணும்" என்றால் அதட்ட வேண்டாம். "ஒண்ணு வேணுமா? எது வேணும்?" என்று முழுத் தமிழில் திருப்பிக் கேளுங்கள், போதும்.

நேரம் மாலை ஐந்தரைக்குத் தொடங்கி ஒரு மணி, மிஞ்சினால் ஒன்றேகால் மணி. நம் பக்கம் ஏழேகாலுக்கு மேல்தான் இருட்டுகிறது. இருட்டி, ஒலிபெருக்கியும் கூட்டமும் ஏறிய பிறகு எந்தப் பிள்ளைக்கும் காதில் எதுவும் ஏறாது. கிளம்பும் முன் அவளுக்குச் சோறு கொடுத்துவிடுங்கள், பசி அழுகை பாதி குறையும். அன்று போட்ட உடையோடு கைபேசியில் ஒரு படம் எடுங்கள். உங்கள் கைபேசி எண்ணைப் பேனாவால் அவள் கையின் உட்பக்கம் எழுதுங்கள். காணாமல் போனால் ஓடக்கூடாது, நின்ற இடத்திலேயே நின்று அம்மா பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று வீட்டிலேயே இரண்டு தடவை நடித்துக் காட்டுங்கள்.

இரண்டு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். கூட வரும் தம்பி தங்கைக்கு 4 வயது ஆகவில்லை என்றால் முழுக் கடலையும் கொண்டைக்கடலையும் கொடுக்கக் கூடாது, மூச்சுக்குழாயில் அடைக்கும். மின்னும் பொம்மை வாங்கினால் பேட்டரி மூடியில் திருகாணி இருக்கிறதா பாருங்கள். பொத்தான் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் புண்ணாகிவிடலாம். வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், அல்லது 999-ஐ அழையுங்கள்.

மறுநாள் வேலைதான் பலர் விட்டுவிடுவது. 30 முட்டை அட்டையில் ஐந்து குழி உள்ள இரண்டு வரிசையை வெட்டி எடுத்தால் பத்துக் குழி. மிஞ்சிய கச்சாங் பூத்தேயைக் குழிக்கு ஒன்றாகப் போடட்டும். ஒரு வரிசை நிறைந்தால் ஐந்து, இரண்டும் நிறைந்தால் பத்து என்று எண்ணாமலே கண்ணுக்குப் பழகும். பிறகு கடை விளையாட்டு. கடைக்காரர் அவள், வாங்குபவர் நீங்கள். மிச்சமான நோட்டுகளை அவள் கல்லாவில் போட்டு, நீங்கள் பச்சை 5 வெள்ளி நோட்டைக் கொடுத்து 3 வெள்ளிக்கு ஒரு பொட்டலம் கேளுங்கள். மீதியைத் தப்பாகக் கொடுத்தால் "தப்பு" என்று சொல்ல வேண்டாம். பொட்டலத்தின் பக்கத்தில் விரலை வைத்து "மூணு" என்று தொடங்கி, ஒவ்வொரு நோட்டாக வைத்து "நாலு, அஞ்சு" என்று முடியுங்கள். நாலைந்து தடவைக்குப் பிறகு விரலை அவளே வைக்கட்டும்.