பேப்பர் கப்பை மறக்கச் சொன்ன ஆலோசகர்

கேள்வி: காரைக்குடியில் விடுதியில் தங்கிக் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் தேவகோட்டைப் பக்கம், காலனித் தெரு. தோழி வீட்டுக்குப் போயிருந்தபோது எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளரில் காபி வந்தது. எனக்கு மட்டும் பேப்பர் கப். அன்றிலிருந்து தூக்கமில்லை, பாடம் மண்டையில் ஏறவில்லை. கல்லூரி மனநல ஆலோசகரிடம் போனால், "நீயாகச் சாதியை நினைத்துக்கொள்ளாதே, தியானம் செய்" என்கிறார். அம்மா கோடாங்கியிடம் குறி கேட்கக் கூப்பிடுகிறார். எனக்கு மூளைக் கோளாறா?
- பெயர் வேண்டாம், சிவகங்கை மாவட்டம்

பதில்: இல்லை அம்மா. முகப்பு வரை யார், பின்கட்டு வரை யார் என்ற கணக்கு செட்டிநாட்டு வீடுகளில் பழையது. இப்போது அதற்குச் சுகாதாரம் என்று பெயர் வைத்து பேப்பர் கப்பில் ஊற்றுகிறார்கள். நீங்கள் கண்டது கற்பனை அல்ல. அதை மறக்கச் சொன்னவர் உங்கள் பேச்சைக் காதில் வாங்கவே இல்லை என்பேன்.

அதற்காகச் சிகிச்சையையே வெறுத்துவிடாதீர்கள். அவமானம் வெளியிலிருந்து வந்தாலும் தூக்கம் கெடுவது உங்களுக்குத்தானே! சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. செத்துப்போகலாம் என்ற நினைப்பு எட்டிப்பார்த்தால் விடியட்டும் என்று காத்திராமல் அந்த எண்ணை அழையுங்கள், அறைத் தோழியையும் எழுப்புங்கள்.

புதிய ஆலோசகரிடம் முதல் நாளே அந்தக் காபிக் கதையைச் சொல்லுங்கள். "பிறகு என்ன நடந்தது, உனக்கு எப்படி இருந்தது?" என்று கேட்டால் தொடருங்கள். "அவர்கள் அப்படி நினைத்திருக்க மாட்டார்கள்" என்று அந்த வீட்டுக்கு வக்காலத்து வாங்கினால் வேறு ஆளைப் பாருங்கள். சாதி, பாலினம், மதம் பார்க்காமல் சிகிச்சை தர வேண்டும், சொன்னதை ரகசியமாகக் காக்க வேண்டும் என்கிறது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். விடுதிக் காப்பாளருக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் இருந்தால் அதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அம்மாவோடு குலதெய்வத்தைக் கும்பிட்டு வாருங்கள், அவருக்கும் மனம் ஆறும். கோடாங்கி கயிறு கட்டினால் கட்டிக்கொள்ளலாம். மாத்திரையை நிறுத்தச் சொன்னாலோ கை ஓங்கினாலோ எழுந்து வந்துவிட வேண்டும்.

தோழியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அந்தக் கப் அவள் கண்ணில் பட்டதோ என்னவோ. தெம்பு வந்தபின் அவளிடமே கேட்கலாம். கேட்கப் பிடிக்கவில்லையா, விட்டுவிடுங்கள்; அவளுக்கு விளக்கம் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை.