மேடையில் எடுக்காத நடனப் படம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க நடனக் கலைஞர் மார்த்தா கிரஹாம் இடுப்பை மடித்துக் குனிந்து காலைப் பின்னால் வீச, வெள்ளைப் பாவாடை விசிறியாக விரியும் 1940ஆம் வருடப் படத்தை நீங்கள் சிலாகித்து எழுதியிருந்தீர்கள். அது நிகழ்ச்சியின்போது எடுத்ததல்ல, கேமராவுக்காகத் தனியாக ஆடச் சொல்லி எடுத்தது என்று பிறகு தெரிந்தது. ஏமாந்துவிட்டதுபோல் இருக்கிறது. அது நடனத்தின் படமா, வெறும் போஸா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

நீங்கள் அறிந்தது சரிதான். அந்தப் படத்தை எடுத்த பார்பரா மார்கன் பெரும்பாலும் வேலை செய்தது அப்படித்தான். ஒத்திகைகளைப் பொறுமையாகப் பார்ப்பார். ஒரு நடனத்தின் உயிர் எந்தெந்த அசைவுகளில் இருக்கிறது என்று தீர்மானிப்பார். அப்புறம் ஸ்டுடியோவில் தன் இஷ்டப்படி விளக்குகளை வைத்து, அந்த அசைவுகளை மட்டும் ஆடச் சொல்லி எடுப்பார். 1935இல் தொடங்கிய அந்த உழைப்புதான், 1941இல் கிரஹாமின் பதினாறு நடனங்கள் கொண்ட புத்தகமாக வந்தது.

ஆனால் அதைப் போஸ் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பாவாடையை மறுபடி பாருங்கள். கை நெற்றியருகே இருக்கிறது, முதுகு தரைக்கு இணையாகக் கிடக்கிறது. இதுவரை ஒருவர் அசையாமல் நின்று காட்டிவிடலாம். துணியை அப்படி நிறுத்த முடியுமா? கால் முழு வேகத்தில் வீசினால்தான் அது அந்த வளைவுக்கு எழும், மறுகணமே சரிந்துவிடும். கிரஹாம் ஆடியிருக்கிறார். பார்வையாளர்கள் இல்லை, அவ்வளவுதான்.

அசையாமல் நின்று எடுத்த நல்ல நடனப் படங்களும் உண்டு. 1912இல் ரஷ்ய நடனக் கலைஞர் நிஜின்ஸ்கியின் 'ஃபான்' பாலேயைப் பரோன் டி மேயர் எடுத்தவை அப்படிப்பட்டவை. பழைய கிரேக்கச் சித்திரங்களைப் போலப் பக்கவாட்டில் உறைந்து நிற்பதே அந்த நடனத்தின் இயல்பு என்பதால் அவை பொருந்தின. ஜெர்மனியில் நடனக் கலைஞர் பலுக்காவின் தாவல்களை எடுத்த ஷார்லோட் ருடால்ஃபுக்கு அந்த வசதி கிடையாது. அந்தரத்தில் இருப்பவரைக் காத்திருக்கச் சொல்ல முடியாதல்லவா? அவர் எடுத்த படங்களிலிருந்துதான் ஓவியர் கான்டின்ஸ்கி 1926இல் பலுக்காவின் உடலை வெறும் கோடுகளாகவும் வளைவுகளாகவும் வரைந்தார்.

என்னைக் கேட்டால், பாவாடைப் படத்தைவிட மார்கனின் 'லாமன்டேஷன்' படங்கள் இன்னும் மேலானவை. 1930இல் கிரஹாம் அமைத்த தனிநடனம் அது. குழாய்போலத் தைத்த, இழுத்தால் நீளும் துணிக்குள் பெஞ்சில் உட்கார்ந்தபடியே ஆடுவார். முட்டியும் முழங்கையும் உள்ளிருந்து துணியை முட்டித் தள்ள, மடிப்புகள் சாய்வாக இறுகி நிற்கும். மார்கனின் வெளிச்சம் அந்த மடிப்புகள் ஒவ்வொன்றையும் எடுத்துக் காட்டுகிறது. அரங்கில் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தவருக்கு இவ்வளவு நெருக்கம் கிடைத்திருக்காது.